லேடீஸ் ஒமேகாவுக்கு 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

முதலில் கேள்வி. ஒருவர் தன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பழைய ஒமேகா லேடீஸ் வாட்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 1960களில் வந்தது, சாவி கொடுக்கிற வகை. தங்க நிறக் கேஸ், அதோடு சேர்ந்தே வரும் தங்க நிறச் செயின், முகம் ஐம்பது பைசா அளவுதான். கேஸின் அடியில் "20 மைக்ரான்ஸ்" என்று பொறித்திருக்கிறது. "சுத்தத் தங்கம், அசல் ஸ்விஸ், நன்றாக ஓடுகிறது" என்று சொல்லி விற்பவர் 45,000 ரூபாய் கேட்கிறார். இது நியாயமா, இல்லையென்றால் எதுதான் நியாயம் என்பது கேள்வி.

நியாயமில்லை. சொன்ன விவரங்கள் சரியாக இருந்தால் இந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே தாராளம். எப்படி என்று சொல்கிறேன். அடுத்த முறை வேறு வாட்ச் பார்க்கும்போதும் உதவும்.

பழைய லேடீஸ் வாட்ச் வாங்கும்போது எல்லோரும் விற்பவர் சொல்லும் தொகையில் ஆரம்பித்து, அங்கிருந்து பேரம் பேசிக் கீழே இறங்குகிறார்கள். 45,000 என்றால் 38,000க்கு முடித்துவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பார்கள். நான் அடியிலிருந்து மேலே ஏறச் சொல்வேன். உருக்கினால் என்ன தேறும், அதற்கு மேல் மெஷினும் டயலும் எவ்வளவு சேர்க்கின்றன, அதிலிருந்து ரிப்பேர் செலவு எவ்வளவு போகும். இப்படி வரும் தொகைக்கும் கேட்கும் தொகைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடைவெளிக்கு ஒரு காரணத்தை விற்பவர் காட்ட வேண்டும். ஒமேகா என்ற பெயர் மட்டும் காரணமாகாது.

ஏன் ஆகாது? அதே வருஷத்து ஆண்கள் ஒமேகா, உதாரணமாக எஃகுக் கேஸில் வந்த ஒரு சீமாஸ்டர், லேடீஸ் வாட்சைப் போல மூன்று நான்கு மடங்கு விலைக்குப் போகும். பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், 34, 35 மில்லிமீட்டர் வாட்சைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். 18 மில்லிமீட்டர் வாட்சைக் கட்ட மாட்டார்கள். பெண்களிலும் அன்றாடம் கட்ட நினைப்பவர்கள் சின்ன முகத்தில் மணி தெரியவில்லை, தினமும் சாவி கொடுக்கணும் என்று ஒதுங்கிவிடுவார்கள். 1969 கடைசியில் சீகோ குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அது மலிந்தபோது, சாவி கொடுக்கும் லேடீஸ் வாட்சுகள் முதலில் அலமாரிக்குள் போயின. அதனால்தான் இன்றும் அவை நிறையக் கிடைக்கின்றன. சமீப காலமாகச் சின்ன வாட்சுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது உண்மைதான். அது விலையைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறது, அவ்வளவே. கார்டியே, படெக் ஃபிலிப், ரோலெக்ஸ் போன்றவை தனிக்கதை. அங்கே பெயருக்கே விலை உண்டு. ஒமேகா, லாஞ்சின்ஸ், டிசோ, டைடோனி, ஃபாவ்ரே லூபா லேடீஸ் வாட்சுகளில் பெயருக்குக் கிடைப்பது குறைவு, உலோகமும் நிலைமையும்தான் பேசும்.

சரி, உலோகத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில்தான் உங்கள் விற்பவர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

20 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. முலாமின் கனம் அது. உள்ளே வேறு உலோகம், மேலே தங்கப் பூச்சு. நம் ஊர் பாஷையில் கவரிங். கவரிங் என்று சொல்வதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், 20 மைக்ரான் நல்ல கனமான பூச்சு, அறுபது வருஷம் தாங்குவதும் உண்டு. ஆனால் தங்கமாக எவ்வளவு? ஐம்பது பைசா அளவுக் கேஸின் வெளிப்பரப்பு ஐந்தாறு சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதன் மேல் 20 மைக்ரான் கனத்துக்குக் கணக்குப் போட்டால் கால் கிராமுக்குள்தான் வருகிறது. அதைப் பிரித்தெடுக்கும் செலவே அதற்கு மேல் ஆகும். ஆக உருக்கு விலை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் "ஃபோன் அசியே" (Fond acier) என்று பிரெஞ்சில் ஏதாவது எழுதியிருந்தால் 'மூடி எஃகு' என்று அர்த்தம். முலாம் கேஸ்களில் மூடியை மட்டும் எஃகில் செய்வது வழக்கம். வியர்வை படுவது அங்கேதானே.

நிஜத் தங்கமாக இருந்தால் முத்திரை வேறு மாதிரி இருக்கும். 18 காரட் என்றால் 750 அல்லது 0.750 என்ற எண். ஸ்விட்சர்லாந்தில் முத்திரை குத்தியதாக இருந்தால் 1995 வரை 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு உட்கார்ந்திருக்கும் அணில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அணிலின் வால் வரை தெரியும், தேய்ந்திருந்தால் வெறும் புள்ளி மாதிரி இருக்கும். பிரிட்டனில் கேஸ் போட்டவை பெரும்பாலும் 9 காரட், 375 என்று இருக்கும். அமெரிக்காவில் விற்றவற்றில் 14 காரட் அதிகம். ஒமேகா மெஷின்களை வரவழைத்து அங்கேயே கேஸ் போட்டு விற்றார்கள், அப்படிப் போன மெஷின்களில் "ஓ எக்ஸ் ஜி" என்ற மூன்றெழுத்து இருக்கும். "கோல்டு ஃபில்டு", "ரோல்டு கோல்டு" இரண்டும் தகடு போர்த்தியவை. முலாமை விடக் கனம், ஆனாலும் தங்கம் ஆகாது. காரட் எண்ணை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் உள்ள "ஃபில்டு" என்ற சொல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டு விளம்பரம் எழுதுபவர்கள் நிறைய.

ஒமேகாவில் இன்னொரு சௌகரியம். 1960களின் நடுவிலிருந்து மாடல் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து வரும். எஸ்டி (ST) என்றால் எஃகு, பிஏ (BA) என்றால் 18 காரட் மஞ்சள் தங்கம், எம்டி (MD) என்றால் முலாம். அதற்கு அடுத்த மூன்றிலக்க எண் 5இல் தொடங்கினால் லேடீஸ் வாட்ச். பின்மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

நிஜத் தங்கம் என்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு தேறும் என்று பாருங்கள். மெஷினையும் கிளாஸையும் எடுத்துவிட்டால் இந்த அளவுக் கேஸ் ஐந்து கிராம் சொச்சம் நிற்கும். 18 காரட் என்றால் அதில் முக்கால் பங்கு தங்கம், அதாவது 3.75 கிராம். அரைப் பவுன்கூட இல்லை. தங்கக் கேஸில் தோல் ஸ்ட்ராப் போட்ட லேடீஸ் வாட்சுக்கு "தங்கம், தங்கம்" என்று விலை ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. செயினும் 18 காரட் என்றால் கதை தலைகீழ். செயின் மட்டும் 25 கிராம் வந்தால் இரண்டு பவுனுக்கு மேல் சுத்தத் தங்கம், அங்கே வாட்சே செயினுக்கு இலவச இணைப்பு. அதனால் செயினில் தனியாக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தங்கக் கேஸில் முலாம் செயின் சகஜம். எடை கேட்கும்போது "மெஷின் இல்லாமல் எவ்வளவு" என்று கேளுங்கள். மொத்த எடையைச் சொல்லி அதைத் தங்க விலையால் பெருக்கிக் காட்டுவது பழைய வித்தை.

உருக்கு விலைக்கு மேல் என்ன சேர்க்கிறது என்றால், முதலில் டயல். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், கிளாஸ் மாற்றலாம், டயல் போனால் போனதுதான். நம் நாட்டில் பழைய வாட்ச் வியாபாரத்தில் "மும்பை ஸ்பெஷல்" என்றொரு பட்டப்பெயர் உண்டு. பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்து அச்சடித்து, பளபளவென்று விற்பனைக்கு வரும் வாட்சுகளுக்கு அந்தப் பெயர். மும்பைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் வைத்தது நானில்லை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பில், "ஸ்விஸ் மேட்" என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டும். மறுபெயின்ட் டயலில் அது காணாமல் போயிருக்கும், அல்லது மேலே ஏறி முள் ஓடும் இடத்துக்கு வந்திருக்கும். அசல் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் நிற்கும், மறு அச்சில் மை கசிந்து தடித்திருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக்குறிகளோடு நேர்கோட்டில் வருகின்றனவா என்றும் பாருங்கள். பிறகு, மணிக்குறி ஒட்டிய உலோகத் துண்டாக இருந்தால் அதன் அடியில் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அசலில் உலோகத்தைக் கடைசியில் பொருத்தியிருப்பார்கள், அடி சுத்தமாக இருக்கும். லேசாகப் பழுப்பேறிய, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் டயல், புதுப்பொலிவோடு இருக்கும் மறுபெயின்டை விட எப்போதும் உயர்ந்தது. மறுபெயின்ட் என்று உறுதியானால் விலையைப் பாதியாக்கிவிடுவேன்.

கிளாஸையும் இதே லென்ஸில் பாருங்கள். அந்தக் கால ஒமேகா பிளாஸ்டிக் கிளாஸ்கள் பலவற்றில் நட்ட நடுவில், முள்ளின் அச்சுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒமேகா சின்னம் பொறித்திருக்கும். தூசி மாதிரிதான் தோன்றும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் குதிரை லாட வடிவம் எழும். அது இல்லையென்றால் போலி என்று அர்த்தமில்லை, கிளாஸ் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விலையில் பெரிய வித்தியாசம் வராது. இருந்தால் இந்த வாட்சில் அதிகம் கை வைக்கவில்லை என்பதற்கு ஒரு சின்ன சாட்சி.

கேஸில் பார்க்க வேண்டியது மூலைகள். ஸ்ட்ராப் அல்லது செயின் சேரும் காதுகளின் முனை, சாவிக்குப் பக்கத்து ஓரம், பின்மூடியைத் திறக்கக் கத்தி வைக்கும் இடம், இந்த மூன்றில்தான் முலாம் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் பித்தளையின் மங்கல் மஞ்சள் அல்லது வெள்ளை உலோகம் எட்டிப் பார்க்கும், பச்சைக் கறையும் பிடித்திருக்கும். விளம்பரப் போட்டோக்களில் பெரும்பாலும் முகம்தான் இருக்கும். பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். எல்லா மூலையும் மொழுமொழுவென்று ஒரே பளபளப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள், மறுமுலாம் போட்டிருக்கலாம். அது அழகுதான், ஆனால் அதற்கு அசல் விலை கிடையாது.

மெஷின் பற்றி. அந்தக் கால ஒமேகா மெஷின் செம்பு நிறத்தில் இருக்கும், பழக்கப்பட்ட கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். மேலே ஒமேகா என்ற பெயர், மெஷின் எண், 17 ஜுவல்ஸ், எட்டு இலக்க வரிசை எண். வரிசை எண் 24இல் தொடங்கினால், அதாவது 2 கோடியே 40 லட்சத்தை ஒட்டியிருந்தால், 1966, 67 வாக்கில் செய்தது. விற்பவர் 1950கள் என்று சொல்லி எண் அப்படி இருந்தால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். மெஷின் வெள்ளையாக, பெயரில்லாமல் இருந்தால் பேச்சே வேண்டாம். தங்கக் கேஸை உருக்க எடுத்துக்கொண்டு, அசல் மெஷினை உள்ளூர்க் கேஸில் போட்டு விற்பதும் நடக்கும். பின்மூடியின் உள்பக்கத்தில் ஒமேகா முத்திரை இல்லையென்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

"நன்றாக ஓடுகிறது" என்ற வாக்கியத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடச் சேர்க்க மாட்டேன். இந்த வாட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு விநாடி முள்ளே கிடையாது, ஓடுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. முழுச் சாவி கொடுத்து, மணி வைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் முன்னே பின்னே போனால் இந்த அளவு மெஷினுக்கு அது குறையில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டாலோ, கவிழ்த்து வைத்தால் நின்றாலோ, ஆயில் காய்ந்திருக்கிறது. "சாவி அதிகமாகிவிட்டது, அதனால்தான் நின்றுவிட்டது" என்று சொல்வார்கள். சாவி அதிகமாகி எந்த வாட்சும் நிற்பதில்லை. ஸ்பிரிங் முழுசாகச் சுற்றியிருந்தும் ஓடவில்லை என்றால் உள்ளே அழுக்கோ உடைசலோ இருக்கிறது. ரிப்பேர்காரரிடம் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால், உள்ளே இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 240க்கு மேல் இருந்தால் நல்லது, 200க்குக் கீழே போனால் உடனே ஓவர்ஹாலிங், அதாவது மெஷினை முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் போடுவது, வேண்டும்.

லேடீஸ் வாட்சில் ஓவர்ஹாலிங் செலவு விலையோடு நேரடியாக மோதும். மெஷின் சின்னது, ஒவ்வொரு திருகும் மணல் துகள் அளவு. கை நடுங்காத ஆள் வேண்டும், பல ரிப்பேர்காரர்கள் லேடீஸ் வாட்ச் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். செய்பவர்கள் ஆண்கள் வாட்சுக்கு வாங்கும் அதே கூலியை, சில சமயம் அதற்கு மேலும், வாங்குவார்கள், அதில் தப்பே இல்லை. ஒமேகா தெரிந்த தனிக்கடையில் 3,000 முதல் 5,000 வரை ஒதுக்கி வைப்பது என் கணக்கு, பேலன்ஸ் உடைந்திருந்தால் அதற்கு மேல். 10,000 ரூபாய் வாட்சில் அது பாதி வரை வரும். சின்ன மெஷின் என்றாலே அருமை என்று சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு. ஜேஜேர் லெகூல்த்ர் 1929இல் செய்த 101 மெஷின் ஒரு கிராம்தான் எடை, 1953 முடிசூட்டு விழாவில் எலிசபெத் ராணி கட்டியிருந்தது அந்த மெஷின் உள்ள வாட்ச். அது அருமை. ஒமேகாவிலேயே 1955இல் வந்த லேடிமேட்டிக், அவ்வளவு சின்ன வாட்சுக்குள் தானாகச் சாவி ஏறும் மெஷினை வைத்தது, அதற்குச் சாதாரண சாவி வாட்சை விடக் கூட்டிக் கொடுக்கலாம். நீங்கள் பார்த்திருப்பது இரண்டும் இல்லை.

இனி சந்தை. இணையத்தில் தேடினால் இதே மாதிரி வாட்சுக்கு 60,000 என்றும் போட்டிருப்பார்கள். அது கேட்கும் விலை, ஒரு வருஷமாக அங்கேயேகூடக் கிடக்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைப் பாருங்கள். அங்கேயும் விலையின் குறுக்கே கோடு போட்டிருந்தால் பேரத்தில் அதை விடக் குறைவாகப் போனது என்று அர்த்தம். ஏலக் கம்பெனி விலையைப் பார்த்தால், சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த தொகைக்கு, மேல் வாங்குபவர் கட்டும் கமிஷன் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோகூட இருக்கும், அது சேர்ந்த தொகையா இல்லையா என்று கவனியுங்கள். விற்பவர் மதிப்பீட்டுச் சான்றிதழ் காட்டினால் அது இன்ஷூரன்ஸுக்கு எழுதியதா என்று கேளுங்கள். தொலைந்தால் கடையில் புதிதாகத் தேடி வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது, இயல்பாகவே உயரத்தில் இருக்கும். அந்த விலைக்கு யாரும் அதை வாங்கப் போவதில்லை.

நான் பார்க்கும் வரையில், முலாம் கேஸ், அசல் டயல், ஓடும் மெஷின் உள்ள 1960களின் சாவி ஒமேகா லேடீஸ் வாட்சுகள் 10,000 முதல் 18,000 ரூபாய்க்குள் கைமாறுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் தபால் செலவும் தனி. உங்கள் வாட்சுக்கு இதைப் பொருத்தினால்: சமீபத்தில் ஓவர்ஹாலிங் செய்த ரசீதும், ஆறு மாத உத்தரவாதமும், அசல் டயலும், தேயாத மூலைகளும் இருந்தால் 15,000 கொடுக்கலாம், மனசுக்குப் பிடித்துவிட்டால் 18,000 வரை போகலாம். சர்வீஸ் செய்யாதது என்றால் 10,000. டயல் மறுபெயின்ட் என்றால் 6,000க்கு மேல் நான் எழுந்து போய்விடுவேன். டப்பா, பழைய ரசீது இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் சேர்க்கலாம்.

விற்பவரிடம் "ஏமாற்றுகிறீர்களா" என்று ஆரம்பிக்க வேண்டாம். பலருக்கு நிஜமாகவே மைக்ரான் என்றால் என்னவென்று தெரியாது. "20 மைக்ரான் என்பது முலாம், தங்கம் என்று பில்லில் எழுதித் தருவீர்களா" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தருகிறேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை, பேச்சு அங்கிருந்து வேறு விலையில் தொடங்கும். ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இது அரிய வாட்ச் இல்லை, இதே ரகம் மாசா மாசம் வந்துகொண்டே இருக்கிறது.

பட்ஜெட் உண்மையிலேயே 45,000 என்றால், எஃகுக் கேஸில் நல்ல லேடிமேட்டிக் ஒன்றை வாங்கி, சர்வீஸும் செய்து, மிச்சப் பணமும் வைத்துக்கொள்ளலாம். தினமும் சாவி கொடுக்கும் வேலையும் அம்மாவுக்கு மிச்சம். ஒமேகா என்ற பெயர் முக்கியமில்லை, அந்தக் காலத்து வாட்ச் ஒன்று போதும் என்றால் எச்எம்டி லேடீஸ் வாட்சுகளைப் பாருங்கள். சிட்டிசன் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் தொடங்கியவர்கள், ரிப்பேர்காரர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஒமேகா விலையில் சின்னப் பங்குதான் ஆகும். அதிலும் மறுபெயின்ட் டயல் ஏராளம், லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, பணம் கொடுக்குமுன் செயினின் நீளத்தை அளந்து கேளுங்கள். கேஸோடு சேர்ந்த செயின் என்று சொல்கிறீர்கள், அவற்றை வெட்டிச் சின்னதாக்கலாம், நீட்ட முடியாது. அந்தக் காலத்துச் செயின்கள் 15, 16 சென்டிமீட்டர்தான் இருக்கும். அம்மாவின் மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளந்து, கொஞ்சம் தளர்வாக இருக்க ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் பாருங்கள். பற்றவில்லை என்றால் அந்த வாட்ச் 5,000க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.